பலவேசம் துடைத்த நீலம்

பலவேசம் ஒரு முட்டாள் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர்களில் இதை என் வாயால் கேட்காதவர் யாரும் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு அவர் ‘லென்ஸ் டாக்டர்’. நல்ல உடம்போடு வந்தவர்களைத் தோலை உரித்து அனுப்பிய டாக்டர்.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாழைக்காய் மண்டியின் மாடியில் அவருக்கு ஒற்றை அறை. ஒரு மேஜை, ஒரு குண்டு பல்பு, ஒரு கும்பாவில் தண்ணீர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. லென்ஸை வாங்கியதும் அதைப் பார்க்க மாட்டார், கொண்டுவந்த ஆளைப் பார்ப்பார். “வச்சிட்டுப் போங்க” என்பார். அதற்கு மேல் கேள்வி கேட்டால் முகம் கோணும். இத்தனைக்கும் மனுஷன் வாழ்நாளில் ஒரு போட்டோ எடுத்தவரில்லை. கேமராவைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்று தேடியிருப்பார்.

போடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷம் கண்ணாடி தேய்த்தவர் அவர். கண்ணாடியை மெருகேற்ற ஒரு சிவப்புப் பொடி உண்டு. அதைத் தண்ணீரில் குழைத்து, துணியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். அந்தப் பொடியையும் ஒரு கொள்கையையும் எடுத்துக்கொண்டுதான் சின்னமனூருக்கு வந்தார். கண்ணாடிக்கு நிறம் கூடாது என்பதுதான் அந்தக் கொள்கை. மூக்குக்கண்ணாடி வரைக்கும் அது சரி. அதற்கு மேல் உலகம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் காதில் வாங்குகிற ஆள் இல்லை.

கேமரா லென்ஸுக்கு அவர் வந்தது கர்ணனால். கர்ணன் கம்பத்தில் பெரிய ஸ்டுடியோ வைத்திருப்பவர், ஸ்டுடியோக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் சாரல் பிடித்தால் துவைத்த துணி நாலு நாளைக்குக் காயாது. பீரோவில் வைத்த லென்ஸுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படரும். நாங்கள் ஃபங்கஸ் என்போம், பலவேசம் பாசி என்பார். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன ரொம்பப் பழைய லென்ஸ் ஒன்று கர்ணனிடம் இருந்தது. 1993 சாரலில் அது பாசி பிடித்துச் செத்தேபோனது. அதைப் பலவேசம் கழற்றி, சிவப்புப் பொடி போட்டுத் தேய்த்து, பளிங்காகத் திருப்பிக் கொடுத்தார். படம் கண்ணாடியாக விழுந்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த லென்ஸில் தேய்ந்துபோக வேறு எதுவும் இல்லை என்பதுதான் விஷயம்.

அந்த ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு கர்ணன் ஊர் ஊராகத் தம்பட்டம் அடித்தார். அப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஸ்டுடியோக்காரனுக்கு ஈ ஓட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை எல்லா லென்ஸையும் பையில் போட்டுக்கொண்டு சின்னமனூர் வருவார்கள். பலவேசத்திடம் கொடுத்துவிட்டு, மறுநாள் ஆடிச் சனிக்குக் குச்சனூர் போய்ச் சனீஸ்வரனைக் கும்பிட்டு எள் தீபம் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை லென்ஸை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். கும்பிட்டுவிட்டு வந்த கையோடு சனியைப் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டு போன கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் ஜெசிந்தா. ராயப்பன்பட்டிக்காரி. 1996-ல் நானும் என் வீட்டுக்காரர் ஜோவும் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ போட்டோம். அவர் வீடியோ, நான் போட்டோ. சடங்கு வீட்டிலும் வளைகாப்பிலும் பொம்பளை வந்து எடுத்தால் வசதி என்று என்னைத் தேடி வந்தார்கள். கேமராவோடு வந்த சாதாரண லென்ஸில்தான் முதலில் எடுத்தேன். மறுவருஷம், கல்யாணத்துக்குப் போட்ட வளையலைக் கொடுத்துவிட்டு மதுரையில் ஒரு லென்ஸ் வாங்கினேன். ஆளை மட்டும் தனியாக எடுக்கிற லென்ஸ். முகம் கூர்மையாக இருக்கும், பின்னால் இருக்கிற சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் கரைந்து போய்விடும்.

அதன் முன்கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் நாவல்பழச் சாறு லேசாகப் பட்டது போல ஓர் ஊதா நீலம் தெரியும். இன்னும் சாய்த்தால் பச்சையாகும். அது என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் ஆனைமலையன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில், பந்தலுக்குள் சூரியன் நேரே வருகிறபோது, ஒரு பெண்ணை வெளிச்சத்துக்கு எதிராக நிறுத்தி எடுத்தேன். முடியின் ஒவ்வொரு இழையும் தனியாக விழுந்தது. அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

1998 ஆடியில் என் அம்மா பாக்கியத்துக்கு மஞ்சள் காமாலை. பத்து நாள் ராயப்பன்பட்டியில் இருந்தேன். திரும்பி வந்தபோது ஜோ வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“ஒன் லென்ஸையும் பலவேசண்ணங்கிட்டக் குடுத்து வாங்கிட்டேன் ஜெசி. ஊரே குடுத்துச்சு. நம்ம மட்டும் என்னத்துக்குச் சும்மா இருக்கன்னு.”

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். நீலம் இல்லை, பச்சையும் இல்லை. காப்பி டம்ளரின் அடியைப் பார்ப்பது போல இருந்தது. அப்படியே மண்டி மாடிக்கு ஏறினேன்.

“ஐயா, இதுல ஊதாவா ஒண்ணு இருந்துச்சே, எங்க?”

“அதான்த்தா பாசி. ரெண்டு பக்கமும் அப்பியிருந்துச்சு. எடுக்குறதுக்குள்ள ரெண்டு நாளாப்போச்சு. லேசுல விடல.”

“புது லென்ஸ்யா இது. கடையில வாங்கயிலயே அப்பிடித்தான இருந்துச்சு.”

“கடைக்காரன் ஈரத்துல வச்சிருப்பான். இந்தா பாரு, கண்ணாடிக்கு நெறம் கூடாது. நெறம் இருந்தா அழுக்கு இருக்குன்னு அர்த்தம். முப்பது வருசமாத் தேய்க்கேன், எனக்குத் தெரியாதா? போய்ப் படம் எடுத்துப் பாரு, போ.”

எடுத்துப் பார்த்தேன். விளக்கு எதிரே இருந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்தது. கறுப்பு முடி சாம்பலாக விழுந்தது. லென்ஸைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். கேமரா ரிப்பேர் பார்க்கிற சுந்தரலிங்கம் அதை விளக்கில் காட்டிப் பார்த்தார். யாரும்மா இந்தக் காரியம் செய்தது என்று கேட்டார். சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்து, உட்காரவைத்துச் சொன்னார்.

ஆரம்பத்தில் கேமராவுக்கு ஒரே ஒரு கண்ணாடிதானாம். படத்தின் நடு தெளிவாக இருக்கும், ஓரம் குழம்பிப் போகும். அதைச் சரிசெய்ய இரண்டாவது கண்ணாடி சேர்த்தார்கள், அப்புறம் நாலு, அப்புறம் ஆறு. படம் திருந்தியது, ஆனால் வேறு ஒரு தொல்லை வந்தது. ஒவ்வொரு கண்ணாடியின் முகத்திலும் வெளிச்சத்தில் கொஞ்சம் பட்டுத் திரும்பிவிடும். ஆறு கண்ணாடிக்குப் பன்னிரண்டு முகம். வருகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடும், பிலிமுக்கு வராது. திரும்பிய வெளிச்சம் சும்மாவும் இருக்காது, உள்ளுக்குள்ளேயே முட்டி மோதிப் படத்தை வெளுக்கடிக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் லென்ஸ் செய்கிற ஒருவர் ஓர் அதிசயத்தைக் கவனித்தார். பழசாகிக் கறை படிந்த லென்ஸ், புது லென்ஸைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டது. கறை கெடுதல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த மெல்லிய கறைதான் வெளிச்சம் திரும்பிப் போகாமல் தடுத்தது. ஆனால் கறை தானாகப் படிவதற்கு வருஷக்கணக்கில் யார் காத்திருப்பது? வேண்டிய கறையை வேண்டிய அளவில் கண்ணாடியில் ஏற்றுகிற வழி ஜெர்மனியில் பிறந்தது. காற்றை உறிஞ்சிவிட்ட பெட்டிக்குள் மருந்தை ஆவியாக்கிப் படியவைப்பார்கள். யுத்த காலத்தில் அதை ரகசியமாக வைத்திருந்தார்களாம். அப்புறம் எல்லா லென்ஸுக்கும் வந்தது. கர்ணனின் வெள்ளைக்காரன் லென்ஸ் பூச்சு வருவதற்கு முந்தியது. ஒரு பூச்சு போய்ப் பல பூச்சு ஆனது. அது இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு கண்ணாடி அடுக்கிய ஜூம் லென்ஸ் என்ற ஒன்றே கிடையாது.

“ஒங்க ஊர் ஆளு அம்புட்டையும் தொடச்சுட்டாரும்மா. நூறு வருசத்தப் பின்னால தள்ளிவிட்டுட்டாரு” என்றார் சுந்தரலிங்கம்.

திரும்பப் பூச முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார். பஸ்ஸில் வரும்போது என் லென்ஸ் மட்டும் மனதில் இல்லை. ஐந்து ஆடி போயிருந்தது. பள்ளத்தாக்கில் எத்தனை லென்ஸ் அந்தச் சிவப்புப் பொடியின் கீழே போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

மறுவாரம் சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பலவேசமும் அங்கே இருந்தார், ஒரு ஓரத்தில் கைகட்டி. நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் கர்ணனைப் பார்த்தார்கள். கர்ணன் மீசையைத் தடவினார்.

“இந்தாம்மா, மதுரக்காரன் யாவாரத்துக்குச் சொல்லுவான். நம்ம ஆளுக அங்கன போகணும்னு அவனுக்கு ஆச. அவுக தொட்டுக் கெட்டுப்போனதுன்னு இங்கன யாரும் சொல்லல. நீ நேத்து வந்த பொம்பள, பெரிய மனுசர நாலு பேர் முன்னாடி பேசுறது நல்லா இல்ல.”

பலவேசம் என்னைப் பார்த்து, பாவம் என்பது போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ஒன்று மனதில் முடிந்து வைத்தேன். இந்த ஆள் ஒருநாள், இதே சங்கத்தில், இதே ஆட்கள் முன்னால், “நான்தான் கெடுத்தேன்” என்று தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம், லென்ஸும் வேண்டாம். அன்றிலிருந்து அவரை ஐயா என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன்.

அடுத்து நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வெளுத்துப்போன அந்தப் படங்கள் ஊருக்குப் பிடித்துப்போயின. பூச்சு போன லென்ஸில் எடுத்தால் கறுப்பு கறுப்பாக விழாது, ஆள் ஒரு சுற்று சிவப்பாகத் தெரிவார். மண்டபத்து டியூப் லைட் பின்னால் இருந்தால் மாப்பிள்ளை தலையைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம் விழும். மாப்பிள்ளை முகத்தில் தேஜஸ் என்றார்கள் கம்பத்தில். எங்கள் ராயப்பன்பட்டிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பீடத்து மெழுகுதிரிக்கு முன்னால் நிற்கும் பொண்ணுக்குப் புனிதைக்கு இருப்பது போல ஒளிவட்டம் விழுந்திருக்கிறது என்று ஆல்பத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இதற்கு ஜோதிப் படம் என்று பெயர் வைத்தது கர்ணன். கடமலைக்குண்டிலிருந்தெல்லாம் ஜோதிப் படம் கேட்டு வந்தார்கள்.

கேமராவோடு வந்த, பலவேசம் கை படாத லென்ஸில் நான் எடுத்துக் கொடுத்த ஆல்பத்தை ஒரு பொண்ணின் தாயார் என் மேஜையில் திருப்பிப் போட்டார். “எம் மகளக் கருப்பாக்கிட்டியே” என்றார். அந்தப் பிள்ளை கறுப்புதான், அழகான கறுப்பு. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த கல்யாணத்துக்குப் பலவேசம் தேய்த்த லென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கடுத்த கல்யாணத்துக்கும் அதுதான். ஊரைத் திட்டிக்கொண்டே ஊர் கேட்டதை எடுத்துக் கொடுத்துச் சாப்பிட்டவள் நான். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்படி ஒன்பது வருஷம் ஓடியது. பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. டிஜிட்டல் லென்ஸும் ஆடி மாதம் அதே மாடிக்கு ஏறியது. பலவேசத்துக்கு எழுபது நெருங்கிவிட்டது. மேஜையில் குண்டு பல்பு ஒன்றுக்கு இரண்டானது. அப்போதும் லென்ஸை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துத்தான் பார்த்தார். கண்ணில் புரை. அது நேற்று வந்த புரையும் இல்லை. மெதுவாக, வருஷக்கணக்கில், பழுப்பாக முற்றிய புரை. 2007 கடைசியில் தேனியில் நடந்த முகாமுக்கு அவர் மருமகன் கருத்தக்கண்ணன் கூட்டிக்கொண்டு போனான். வலது கண்ணில் புரையை எடுத்துவிட்டு ஒரு லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதையாவது அவரால் கழற்றித் தேய்க்க முடியாது என்று ஜோவிடம் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, காலையில் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பலவேசம் வாசலில் நின்றார். ஒன்பது வருஷத்தில் என் கடை வாசலை அவர் மிதித்ததில்லை.

“உள்ள வரலாமாத்தா?”

“வந்தாச்சுல்ல” என்றேன்.

உட்காரவில்லை. “புது லென்ஸ் ஏதும் வச்சிருக்கியா? நான் தொடாதது” என்றார்.

முந்தின வருஷம் வாங்கிய லென்ஸை நான் ஆடிக்கு ஊருக்குள் இருந்தால் பூட்டி வைப்பேன், வெளியே போனால் கையோடு கொண்டு போவேன். அதை எடுத்து மேஜையில் வைத்தேன். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கண்ணைத் திறந்து இன்னொன்றை மூடிப் பார்த்தார். ரொம்ப நேரம் இப்படியே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே பஸ்காரன் ஆரன் அடித்துக் கிழித்தும் அவர் திரும்பவில்லை.

“இந்த எடது கண்ணுல பாத்தா அழுக்கு. மங்கலா, பழுப்பா, பொகை படிஞ்சாப்ல. இம்புட்டு நாளும் இப்பிடித்தான் பாத்தேன்” என்றார். “வலது கண்ணுல பாத்தா நீலமா இருக்குத்தா.”

“நான் சொல்லும்போது காது எங்க போச்சு?”

“நீலம் நீலம்னு எல்லாரும் சொன்னாக. பாசில ஒரு தினுசுன்னு நெனச்சேன்.” மறுபடியும் சாய்த்தார். “பாசி திட்டுத்திட்டாப் படரும். வேர் விடும். இது ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே சீரா இருக்கு. இது தானா வந்ததில்ல. யாரோ ஒரு தொழில்காரன் பூசுனது.”

நான் உள்ளே போய் அவர் தேய்த்த என் பழைய லென்ஸை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் பார்த்தார். பழையதை எடுத்துத் தடவினார். எனக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்து சேர்த்துவைத்த கோபம், அதற்குள் விட்டுக்கொடுக்க மனமில்லை.

“நீங்க இங்க எங்கிட்டச் சொல்லி ஒண்ணும் ஆகாது. அன்னைக்குச் சங்கத்துல நாலு பேர் முன்னாடி என்னப் பாத்துச் சிரிச்சீக. அங்கன சொல்லணும்.”

“சொல்றேன்” என்றார். யோசிக்கக்கூட இல்லை. லென்ஸைப் பூப்போல மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

2008 ஆடிச் சனிக்குச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், குச்சனூரில் ஒரு சத்திரத்து மண்டபத்தில் நடந்தது. பலவேசத்துக்குப் பொன்னாடை போர்த்துவதாக நோட்டீஸே அடித்திருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஜரிகை போட்ட சால்வை. கர்ணன் போர்த்தினார், எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எடுத்த லென்ஸ் அத்தனையும் பலவேசம் தேய்த்தவை, அதனால் மேடை விளக்கில் அந்தப் படங்களும் ஜோதியாகத்தான் விழுந்திருக்கும். அப்புறம் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

“எனக்குப் பேசத் தெரியாது” என்று ஆரம்பித்தார். “ஒண்ணே ஒண்ணு சொல்லணும். ஒங்க லென்ஸையெல்லாம் நான்தான் கெடுத்தேன். அதுல இருந்தது பாசி இல்ல, வேணும்னே பூசுன பூச்சு. என் கண்ணுல பொரை, எனக்குத் தெரியல. பத்து வருசத்துக்கு முன்ன இந்தச் சங்கத்துல ஜெசிந்தா சொல்லுச்சு. அது சொன்னது நெசம். நான் கேக்கல. இனிமே யாரும் எங்கிட்டக் குடுக்காதீக.”

யாரோ கைதட்டினார்கள். உடனே மண்டபமே கைதட்டியது. கர்ணன் எழுந்து மைக்கை வாங்கினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவருக்கு.

“பாத்தீகளா? பெரிய மனுசருக்கு எம்புட்டுத் தன்னடக்கம். வயசாயிருச்சு, இனிமே முடியாதுங்கிறத எம்புட்டு நாசூக்காச் சொல்றாக. ஒரு பொம்பளப் புள்ள மனசு நோகக் கூடாதுன்னு பழியத் தாந் தலையில போட்டுக்கிறாக பாருங்க. இதுதாய்யா பெரிய மனுசத்தனம்.”

மறுபடியும் கைதட்டல். பலவேசம் மைக்குக்காகக் கையை நீட்டினார். கர்ணன் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி உட்காரவைத்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பந்தி போட்டாயிற்று என்று யாரோ சொன்னதும் கூட்டம் எழுந்தது. பத்து வருஷம் காத்திருந்து கிடைத்த என் வாக்கியத்தை இரண்டு நிமிஷத்தில் கைதட்டிப் புதைத்துவிட்டு, வடை பாயசத்துக்கு வரிசையில் நின்றார்கள். படித்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவர்கள். அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவன் மேலும் எனக்கு அன்றைக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

செருப்புப் போடுகிற இடத்தில் பலவேசம் என் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் சால்வை சரிந்து தொங்கியது.

“சொல்லிட்டேன்த்தா.”

“கேட்டேன்” என்றேன்.

“ஒனக்கு மட்டுந்தான் கேட்டுருக்கு” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் தனியாக நடந்து போனார்.

அவர் சொன்னபடி நிறுத்திவிட்டார். மாடி அறையைப் பூட்டினார். வந்தவர்களிடம், லென்ஸ் சுத்தமாக இருக்கிறது, கொண்டு போங்கள் என்றார். வந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். பெரியவருக்குக் கை ஓய்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மருமகன் கருத்தக்கண்ணன் அந்த வருத்தத்தைப் போக்கினான். மாமனாரின் கும்பாவையும் சிவப்புப் பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு மண்டிக்குக் கீழேயே கடை போட்டான். போர்டில் மாமனார் பெயர்தான் பெரிதாக, கூடவே பொன்னாடை போர்த்திய படமும். பலவேசம் அவனோடு சண்டை போட்டார், வீட்டில் சோறு தின்ன மறுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆடிக்கும் பைகள் வந்து குவிந்தன.

இந்த வருஷம், 2010 ஆடியில், என் தங்கை வீட்டு விசேஷத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தேன். லென்ஸைக் கொண்டு போக மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் வந்து பீரோவைத் திறந்தால் உறை மட்டும் இருந்தது.

“சங்கத்துலருந்து வண்டியோட வந்தாக ஜெசி” என்றார் ஜோ. குரல் பாதியில் தேய்ந்தது. “எல்லாரும் குடுத்தாக. கர்ணன் முன்னாடி முடியாதுன்னு எப்பிடிச் சொல்லட்டும்?”

பன்னிரண்டு வருஷம் இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கறை என்ன, பூச்சு என்ன என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறேன். கர்ணன் மீசையைத் தடவியதும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கருத்தக்கண்ணன் கடைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டினேன். படி இறங்குவதற்குள் எதிரே பலவேசம் வந்தார். மூச்சு வாங்கியது. கையில் அந்த ஆரஞ்சு சால்வையை மூட்டையாகச் சுருட்டிப் பிடித்திருந்தார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கலைந்திருந்தது.

உள்ளே வந்து மேஜையில் வைத்துப் பிரித்தார். ஜரிகைக்கு நடுவில் என் லென்ஸ் இருந்தது.

“கருத்தக்கண்ணன் மேசையில பாத்தேன். ஒன்னோடதுன்னு தெரியும், அன்னைக்குக் கையில வச்சுப் பாத்தேன்ல. பிடுங்கிட்டு வந்தேன், கைகலப்பாயிருச்சு.” அவர் சட்டைக் கழுத்தில் இரண்டு பொத்தான் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். “நான் போறதுக்குள்ள தொட்டுட்டான்த்தா. ஓரத்துல போயிருச்சு. நானே சொல்லிர்றேன், நீ பாத்துச் சொல்றதுக்கு முன்னால.”

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தேன். ஓரத்தில் நகம் அளவுக்கு வெறுங்கண்ணாடி. மற்ற இடமெல்லாம் நீலம் சீராக நின்றது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன், பச்சையானது. பலவேசம் என் தோளுக்குப் பின்னால் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

“மிச்சம் இருக்குல்ல?” என்றார்.

அவரைத் திட்டுவதற்கு என்று பன்னிரண்டு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அங்கேயே இருந்தன.

“இருக்குய்யா” என்றேன்.